ஒரே இடத்தில் ஒரு புள்ளி

தூசியோடு பகைத்துக்கொண்டு எவராலும் வாழ்ந்துவிட முடிவதில்லை. காலையில் பெருக்கித் துடைத்த வீட்டில் மாலைக்குள் அது மீண்டும் வந்து அமர்ந்துவிடுகிறது. அலமாரியின் மேல்தட்டிலும், சுவர்க்கடிகாரத்தின் தலையிலும், நெடுநாள் திறவாத புத்தகத்தின் முதுகிலும் அதற்கென்று உரிமையுள்ள இடங்கள் உண்டு. அதனால்தானோ என்னவோ, அதனை நாம் ஒரு பொருட்டாக எண்ணுவதுமில்லை. ஒரு துணி போதும். ஒரு துடைப்பம் போதும். சிறுமைக்கு மறுபெயராகவே தூசி நம் பேச்சில் வழங்கி வருகிறது. 'இதெல்லாம் எனக்குத் தூசு' என்று ஒருமுறையேனும் சொல்லாதவர் யார்?

படம் பிடித்துப் பிழைக்கும் எங்களால் அவ்வாறு சொல்லிவிட முடிவதில்லை. கணவனும் மனைவியுமாகிய எங்கள் இருவருக்கும் தொழில் ஒன்றே. எங்களில் ஒருவர் படம் எடுப்பவர். மற்றவர் கணிப்பொறியின் முன்னமர்ந்து அப்படங்களைச் செப்பம் செய்பவர். ஒருவர் காணாமல் கொண்டுவந்த தூசியை மற்றவர் கண்டுபிடிப்பதும், அதைப்பற்றி இருவரும் விவாதிப்பதும் எங்கள் வீட்டின் அன்றாட வழக்கங்களுள் ஒன்றாகிவிட்டன.

எங்கள் ஊரும் இதற்கு ஒரு காரணம். திருச்செந்தூருக்கு அருகே பரந்து கிடக்கும் குதிரைமொழித் தேரியின் ஓரத்தில் நாங்கள் குடியிருக்கிறோம். தேரி என்பது செம்மணல் மேடு. மணல்துகள் ஒவ்வொன்றின்மேலும் இரும்பின் துரு மெல்லிய பூச்சாகப் படிந்திருப்பதால் அந்தச் சிவப்பு. ஆனி, ஆடி மாதங்களில் மேற்கே மலைகளைக் கடந்து வரும் வறண்ட காற்று இம்மணலை வாரி இறைக்கிறது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மி பறந்து நாங்கள் கண்டதில்லை. ஆனால் மூடிவைத்த சோற்றுப்பானைக்குள் மணல் நெறுநெறுப்பதை ஒவ்வோர் ஆண்டும் கண்டிருக்கிறோம். சோற்றுப்பானைக்குள் புகும் மணலுக்குக் கேமராவுக்குள் புக வழி தெரியாதா என்ன?

பிலிமும் ஒளியுணரியும்

எங்கள் ஸ்டுடியோவைத் தொடங்கிய பெரியவர் எங்களில் ஒருவருக்குத் தந்தை; மற்றவருக்கு மாமனார். பிலிம் காலத்து மனிதர். அவர் காலத்திலும் தூசி இருந்தது. ஆயினும் அதன் ஆட்சி அற்ப ஆயுள் உடையது. ஒரு பிலிம் சுருளில் 36 படங்கள் என்றால், 36 முறையும் கதவு திறந்து மூடும்போது ஒளியை ஏற்பது புதியதொரு பரப்பு. ஏழாம் படத்தில் விழுந்த துகள் பெரும்பாலும் ஏழாம் படத்தோடு முடிந்துவிடும். பிலிம் நகரும்போது அதுவும் நகர்ந்துவிடும்.

அன்றைய தூசி பெரும்பாலும் இருட்டறையில்தான் தொல்லை தந்தது. நெகட்டிவ்வின்மீது ஒரு துகள் ஒட்டிக்கொண்டால், படம் பெரிதாக்கும்போது அது ஒளியை மறைக்கும். ஒளி படாத தாள் வெளுப்பாகவே நின்றுவிடும். எனவே அச்சுப்படத்தில் வெள்ளைப் புள்ளி தோன்றும். பெரியவர் மாலைநேரங்களில் வாசலோரம் அமர்ந்து, மெல்லிய தூரிகையின் நுனியால் சாம்பல்நிற மையைத் தொட்டு அப்புள்ளிகளை ஒவ்வொன்றாக மூடுவார். 'டச்சிங்' என்று அதற்குப் பெயர். ஒரு படத்துக்குச் செய்ததை மறுபடத்துக்கும் செய்யவேண்டும். ஆனால் ஒரு படத்தின் புள்ளிக்கும் மறுபடத்தின் புள்ளிக்கும் தொடர்பு இராது.

2007ஆம் ஆண்டு நாங்கள் டிஜிட்டல் கேமராவுக்கு மாறினோம். பிலிம் இருந்த இடத்தில் ஒளியுணரி வந்தது. சென்சார் என்று தொழிலில் வழங்கும் அந்தப் பரப்பு, எங்கள் தற்போதைய கேமராவில் 36 மில்லிமீட்டர் அகலமும் 24 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. ஒரு தீப்பெட்டியின் முகத்தைவிடச் சிறியது. அதற்குள் 2 கோடியே 40 இலட்சம் ஒளிக்குழிகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 0.006 மில்லிமீட்டர் அகலம். திருமணமோ, திருவிழாவோ, துக்கவீடோ, எதனைப் பிடித்தாலும் ஒளி வந்து விழுவது இதே பரப்பின்மீதுதான். பிடித்த காட்சியை அடுத்த நொடியே அது நினைவு அட்டையிடம் ஒப்படைத்துவிட்டு மறந்துவிடுகிறது. தன்மீது விழுந்த தூசியை மட்டும் வைத்துக்கொள்கிறது. எனவே, திங்களன்று விழுந்த துகள் செவ்வாயன்று மணமகளின் நெற்றியிலும், புதனன்று கடற்கரை வானத்திலும், வியாழனன்று பள்ளிச் சிறுவனின் வெள்ளைச் சட்டையிலும் தோன்றுகிறது. ஒரே இடத்தில், ஒரே வடிவில்.

இத்துகள் உள்ளே வரும் வழிகள் பல. லென்ஸை மாற்றும்போது திறந்த வாயின் வழியே வருவது பெருவழி. ஜூம் லென்ஸை நீட்டிச் சுருக்கும்போது துருத்தியைப்போல் காற்றை உள்ளிழுக்கிறது. அக்காற்றோடு சிறிது வருகிறது. வெளியிலிருந்து ஒன்றும் வராவிட்டாலும், பல்லாயிரம் முறை ஏறி இறங்கும் கதவின் தகடுகள் தேய்ந்து உதிர்ப்பதும், அவற்றுக்கு இட்ட எண்ணெயின் நுண்துளிகளும் உண்டு. மின்னோட்டம் பாயும் பரப்பாதலால் நிலைமின்சாரமும் துகள்களை ஈர்த்துக்கொள்கிறது.

நிழல் எப்போது தெரிகிறது?

இத்தூசியைப்பற்றி எங்களை மிகவும் சிந்திக்க வைத்த செய்தி ஒன்றுண்டு. அது பல நாள்கள், சிலவேளை பல மாதங்கள், தெரியாமலேயே இருக்கக்கூடும்.

தூசி உண்மையில் ஒளிக்குழிகளின்மீது அமர்வதில்லை. அவற்றுக்கு முன்னால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தொலைவில் வடிகட்டிக் கண்ணாடிகள் உள்ளன. துகள் வந்து அமர்வது அக்கண்ணாடியின்மேல். எனவே படத்தில் நாம் காண்பது தூசியை அன்று, தூசியின் நிழலை.

மேகமூட்டமான நாளில் நடந்து செல்லுங்கள். உங்கள் நிழல் தரையில் விழுவதில்லை. ஒளி வானம் முழுவதிலுமிருந்து வருவதால் நிழல் கரைந்துபோகிறது. உச்சி வெயிலில் நில்லுங்கள். காலடியில் கத்தரித்து வைத்தாற்போல் நிழல் நிற்கிறது. கேமராவுக்குள்ளும் இதுவேதான் நடக்கிறது. லென்ஸின் துளையை எஃப் 2.8 என்ற அளவில் அகலத் திறந்தால் ஒளி பல கோணங்களிலிருந்து உள்ளே பாய்கிறது. தூசியின் நிழல் பரவி மங்கிக் காணாமற்போகிறது. துளையை எஃப் 16, எஃப் 22 என்று சுருக்கினால் ஒளி ஊசிமுனையிலிருந்து வருவதுபோல் வருகிறது; நிழல் கூர்மையடைந்து கரும்புள்ளியாகிறது.

மண்டபத்துக்குள் முகங்களைப் படம் பிடிப்பவர் பெரும்பாலும் துளையை அகலத் திறந்தே வைத்திருப்பார். அவர் கருவியில் நூறு துகள்கள் இருந்தாலும் அவருக்குத் தெரியாது. அதே கருவியை எடுத்துக்கொண்டு நண்பகலில் மணப்பாட்டுக் கடற்கரையில் நின்று, முன்னிருக்கும் படகும் பின்னிருக்கும் குன்றும் தெளிவாக விழவேண்டுமென்று துளையைச் சுருக்கட்டும். வானமெங்கும் புள்ளிகள் எழுந்து நிற்கும். அந்த நாளில் வந்தவை அல்ல அவை. நெடுநாளாய் இருந்தவை அன்றைக்குத் தெரிந்தன, அவ்வளவே.

புள்ளியின் அளவையும் சிறிது கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒளியுணரியின்மேல் விழும் நிழல் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்று கொள்வோம். 36 மில்லிமீட்டர்ப் பரப்பில் விழுந்த காட்சியை 36 அங்குலப் படமாகப் பெரிதாக்கினால், எல்லாம் 25 மடங்குக்கு மேல் பெருகும். அந்த நிழல் இரண்டரை மில்லிமீட்டர் ஆகிவிடும். கண்ணுக்கே தெரியாத ஒன்று, கடுகைவிடப் பெரிய கறையாகி வரவேற்பறைச் சுவரில் தொங்கும்.

வெள்ளைச் சுவரின் முன்

தூசி இருக்கிறதா என்று அறிய ஒரு சோதனை உண்டு. தெளிந்த வானத்தையோ வெள்ளைச் சுவரையோ குறிவைக்கவேண்டும். லென்ஸின் துளையை எஃப் 22 வரை சுருக்கி, ஐ.எஸ்.ஓ. அளவை 100இல் வைத்து, குவியத்தை வேண்டுமென்றே கலைத்துவிடவேண்டும். பிறகு கதவு திறந்திருக்கும் நேரத்தில் கேமராவை மெல்ல இப்படியும் அப்படியும் அசைக்கவேண்டும்.

வேறெந்த நேரத்திலும் கை அசையக்கூடாது என்று கற்பிக்கும் இத்தொழிலில், இந்த ஒரு சோதனைக்கு மட்டும் அசைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அசையும்போது சுவரில் உள்ள கீறலும் கறையும் இழுபட்டுக் கலைந்துபோகும். கருவிக்குள் இருக்கும் தூசியோ கருவியோடு சேர்ந்தே அசைவதால் சிறிதும் கலையாமல் நிற்கும். எது சுவருடையது, எது நம்முடையது என்பது ஒரே படத்தில் பிரிந்துவிடும். நாங்கள் அறிந்த சோதனைகளுள் இத்தனை எளியதும் இத்தனை நேர்மையானதும் வேறில்லை.

வெறுமையான பரப்பு வேண்டும் என்பதும் இங்கே கவனிக்கத்தக்கது. அடர்ந்த மரத்தையோ, பெருங்கூட்டத்தையோ பிடித்தால் புள்ளிகள் அதற்குள் ஒளிந்துகொள்ளும். இலைகளுக்கிடையே ஒரு கரும்புள்ளி யாருக்குத் தெரியும்? ஒன்றுமில்லாத இடத்தைப் பார்க்கும்போதுதான் பார்க்கும் கருவி தன்னைக் காட்டிக்கொள்கிறது.

துடைக்கும் முறை

தூசி இருப்பது தெரிந்துவிட்டது. எடுப்பது எப்படி?

வாயால் ஊதுவது முதலில் தோன்றும் வழி. முதலில் தவிர்க்கவேண்டிய வழியும் அதுவே. எச்சிலின் நுண்துளி பட்டுக் காய்ந்தால், தூசியைவிடப் பெரிய கறை நிலைத்துவிடும். குப்பியில் அடைத்து விற்கும் அழுத்தக் காற்றும் ஆகாது. குப்பி சாய்ந்தால் உள்ளிருக்கும் திரவம் பீறிட்டுக் கண்ணாடியில் படியும்.

நாங்கள் பின்பற்றும் முறை இது. ஈரத்துணியால் தரை துடைத்த சிறு அறை, மின்விசிறி நிறுத்தம், சன்னல் அடைப்பு. கேமராவின் பேட்டரி முழுவதும் நிரம்பியிருக்கவேண்டும். துப்புரவின் நடுவே மின்சாரம் தீர்ந்துவிட்டால், உயர்ந்து நிற்கும் உள்கண்ணாடி கீழே விழும், கதவு மூடும். இடையில் அகப்படுவது நம் கருவியாக இருக்கும். கேமராவின் வாய் தரையை நோக்கும்படி பிடித்துக்கொண்டு, ரப்பர் புளோயரால் பத்துப் பன்னிரண்டு முறை காற்றை அழுத்தி ஊதுகிறோம். அதன் மூக்கு உள்ளே படாமல் பார்த்துக்கொள்கிறோம். உலர்ந்த தூசியில் பெரும்பகுதி இதிலேயே உதிர்ந்துவிடும்.

ஊதி முடித்த பின்னரே ஈரத்துப்புரவு. தேரிக்காட்டில் வாழ்வோருக்கு இவ்வரிசை மிக முக்கியம். மணலின் பெரும்பகுதி படிகக்கல். அது கண்ணாடியைவிடக் கடினமானது. ஊதி அகற்றாமல் துடைத்தால் துடைப்பதாகாது, கீறுவதாகும். ஒளியுணரியின் உயரத்துக்கு இணையாக 24 மில்லிமீட்டர் அகலத்தில் ஸ்வாப் எனப்படும் துடைப்பான் கிடைக்கிறது. சிறிய ஒளியுணரிகளுக்கு 16 மில்லிமீட்டர். அதன் முனையில் இரண்டு துளி துப்புரவுத் திரவம் விட்டு, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஒரே சீராய் ஒருமுறை இழுக்கவேண்டும். திருப்பிப் பிடித்து மறுமுகத்தால் ஒருமுறை. பிறகு அதனை எறிந்துவிடவேண்டும். நன்றாகத்தானே இருக்கிறது என்று மீண்டும் பயன்படுத்தினால், எடுத்த தூசியையே திருப்பிக் கொடுத்தவர்களாவோம்.

எங்கே தேடுவது என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. லென்ஸ் காட்சியைத் தலைகீழாகவே உள்ளே விழச்செய்கிறது. எனவே படத்தில் இடப்பக்க மேல்மூலையில் தெரியும் புள்ளிக்குரிய துகள், கேமராவின் வாய்வழியே நாம் நோக்கும்போது இடப்பக்கக் கீழ்மூலையில் அமர்ந்திருக்கும். வானத்தில் கண்ட கறையைத் தரைப்பக்கத்தில் தேடவேண்டும்.

கேமரா செய்வோரும் இத்தொல்லையை அறியாதவர்கள் அல்லர். 2003இல் வெளிவந்த ஒலிம்பஸ் இ-1 கேமராவில், ஒளியுணரியின் முன்னிருந்த மெல்லிய கண்ணாடி நொடிக்குப் பல்லாயிரம் முறை அதிர்ந்து தூசியை உதறும்படி அமைத்திருந்தார்கள். 2006இல் கேனானின் இ.ஓ.எஸ். 400டி, 2007இல் நிக்கானின் டி300 என்று பிறரும் இவ்வழியில் வந்தனர். முறத்தைத் தட்டினால் உமி உதிர்வதுபோல் உலர்ந்த துகள் உதிரும். ஈரத்தோடு ஒட்டிக்கொண்ட மகரந்தமும், எண்ணெயும், கடற்காற்றின் உப்பும் உதறலுக்கு அசைவதில்லை. உள்கண்ணாடி இல்லாத இன்றைய மிர்ரர்லெஸ் கேமராக்களில் லென்ஸைக் கழற்றிய உடனேயே ஒளியுணரி வெளிப்பட்டு நிற்கிறது. 2018இல் வந்த கேனான் இ.ஓ.எஸ். ஆர் கேமராவில், கருவியை அணைத்ததும் கதவு தானே மூடிக்கொள்ளும்படி செய்தார்கள். ஆயினும் தூசியே நுழையாத கேமரா ஒன்றை, லென்ஸ் மாற்றக்கூடிய வகையில், இதுவரை எவரும் செய்து தரவில்லை.

பனையேறியின் படம்

2016ஆம் ஆண்டு ஆனி மாதத்தில், தேரியோரப் பனைவிளை ஒன்றுக்குப் படம் எடுக்கச் சென்றோம். பனையேறும் குடும்பம். வெளிநாட்டில் வேலை பார்த்த மகன் விடுமுறையில் வந்திருந்தார். பதநீர் காய்ச்சும் ஓலைக்குடிலான விடிலியின் முன்னே தாய், தந்தை, பிள்ளைகள், பேரக்குழந்தைகள் எனப் பதினொரு பேர் நின்றார்கள். பின்னால் நிற்கும் பனைகளும் தெளிவாக விழவேண்டும் என்று மகன் விரும்பியதால் லென்ஸின் துளையை எஃப் 16 வரை சுருக்கி நான்கு படங்கள் எடுத்தோம். அடுத்த தை பிறப்பதற்குள் அந்தப் பெரியவர் காலமாகிவிட்டார். அவர் சிரித்தபடி நிற்கும் மூன்றாம் படத்தைப் பெரிதாக்கித் தரவேண்டும் என்று மகனிடமிருந்து தொலைபேசி வந்தது. அவர் முகம் தெளிவாக விழுந்த படங்கள் அந்தக் குடும்பத்தில் அந்த நான்கைத் தவிர வேறில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

பெரிதாக்கிப் பார்த்தபோது படத்தில் நான்கு கரும்புள்ளிகள் இருந்தன. வானத்தில் இரண்டு. பெரியவரின் வெள்ளை வேட்டியில் ஒன்று. அவருடைய இடக்கண்ணுக்குக் கீழே கன்னத்தில் ஒன்று. நான்கும் ஏறத்தாழ ஒரே அளவு, ஒரே கருமை. தனித்து நோக்கினால் எதற்கும் எதற்கும் வேறுபாடு சொல்ல முடியாது. செப்பம் செய்பவர் கையில் சுட்டியைப் பிடித்து நான்கு முறை சொடுக்கினால் போதும். 2002ஆம் ஆண்டு முதலே ஃபோட்டோஷாப்பில் அதற்கென்று ஒரு தூரிகை இருக்கிறது. அரை நிமிட வேலை.

எங்கள் வீட்டு வழக்கப்படி அவர் அவ்வாறு செய்யவில்லை. அன்றெடுத்த மற்ற மூன்று படங்களையும் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார். வானத்துப் புள்ளிகளுள் ஒன்று நான்கு படங்களிலும் நூலளவும் நகராமல் நின்றது. அது தூசி. மற்றொன்று முதற்படத்தில் இல்லை, இரண்டாவதில் பனந்தலைக்கு மேல், மூன்றாவதில் வானத்தின் நடுவே, நான்காவதில் விளிம்பருகே. இன்னும் பெரிதாக்கியபோது சிறகு தெரிந்தது. பருந்து. வேட்டியிலிருந்த புள்ளி, நான்காம் படத்தில் பெரியவர் ஓரடி நகர்ந்து நின்றபோது அவரோடு நகரவில்லை. அவ்விடத்துக்கு வந்த பேரனின் சட்டைமீது ஏறிக்கொண்டது. தூசி. கன்னத்துப் புள்ளியோ, முகம் திரும்பினால் திரும்பியது. தலை சாய்ந்தால் சாய்ந்தது. அது அவருடையது.

மறுநாள் பெரியவரின் மனைவி, பேத்தி ஒருத்தியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கடைக்கு வந்தார். படம் திரையில் இருந்தது. நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவர் விரலை நீட்டினார்.

"எம்மா, கண்ணுக்குக் கீழ இருக்கே, அத அழிச்சிராதிய. கல்யாணமான வருசம் பாளை அருவா பட்டது. நாந்தான் மஞ்சள் அரைச்சு வச்சேன்."

"அழிக்க மாட்டோம் ஆச்சி. அது அவுக கூடவே நகருது. தூசி இல்ல."

"மேல அது என்ன?"

"பருந்து ஆச்சி."

"அதுவும் இருக்கட்டும்."

அந்தப் படத்திலிருந்து நாங்கள் நீக்கியவை இரண்டே புள்ளிகள். இரண்டும் எங்களுடையவை.

இன்றைய மென்பொருள்கள் சில, புள்ளிகளைத் தாமே தேடிக் கண்டு தாமே நீக்கிவிடுகின்றன. அவற்றால் எங்களுக்கு எத்தனையோ மணிநேரம் மிச்சமாகிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், ஐம்பதாண்டுக் காலம் ஒரு பெண் பார்த்துப் பழகிய தழும்பும், ஐந்து நாளுக்கு முன் காற்றில் வந்த மணலும் ஒரே ஒரு படத்தில் ஒரே தோற்றம் கொண்டிருக்கும்போது, கருமையும் வட்டமும் மட்டுமே கண்டு தீர்ப்பளிக்கும் ஒன்றிடம் முழுப்பொறுப்பையும் ஒப்படைக்க எங்களுக்கு மனம் வருவதில்லை.

விண்மீன்களை நோக்குவோர்

எங்களைவிட நுண்ணிய ஒளியோடு பழகுபவர்கள் வானியலாளர்கள். 1969இல் பெல் ஆய்வகத்தில் வில்லார்டு பாயிலும் ஜார்ஜ் சுமித்தும் உருவாக்கிய சி.சி.டி. என்ற ஒளியுணரி, அவர்களுக்கு 2009இல் நோபல் பரிசில் பங்கு பெற்றுத் தந்தது. அந்த ஒளியுணரி வானாய்வகங்களில்தான் பெருமாற்றத்தை விளைவித்தது. எங்கள் மாநிலத்திலேயே காவலூரில், 1986இல் திறக்கப்பட்ட 2.3 மீட்டர் விட்டமுள்ள வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிறது. இத்தகைய பெரிய ஆடித் தொலைநோக்கிகளில் தூசியின் நிழல் புள்ளியாக விழாமல் வளையமாக விழும். ஒளிவரும் வழியின் நடுவே சிறிய ஆடி ஒன்று மறைத்து நிற்பதே அதற்குக் காரணம். உளுந்துவடை வடிவில் சாம்பல் வளையங்கள் படத்தில் ஆங்காங்கே நிற்கும்.

வானியலாளர் அவற்றைத் துடைக்க ஓடுவதில்லை. அந்தி வேளையில், விண்மீன்கள் தோன்றுமுன், சீராக ஒளிரும் வெற்று வானத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். அல்லது தொலைநோக்கிக் கூடத்துக்குள் சீராக ஒளியூட்டிய திரையைப் படம் எடுக்கிறார்கள். அதில் விழுவது அக்கருவியின் குறைகள் மட்டுமே. எங்கெங்கே எவ்வளவு ஒளி குறைகிறது என்பதற்கான கணக்கு அது. பின்பு இரவில் எடுக்கும் ஒவ்வொரு படத்தையும் அந்த வெற்றுப்படத்தால் வகுக்கிறார்கள். தூசி மறைத்த அளவு ஈடாகிவிடுகிறது. நம் கேமராக்கள் சிலவற்றிலும் இதனையொத்த வசதி உண்டு. வெள்ளைத்தாளைப் படம் பிடித்து வைத்தால், தூசி நிற்கும் இடங்களைக் கருவி குறித்துக்கொள்ளும்.

ஒன்றைப் பாருங்கள். அளவிடுவதையே தொழிலாகக் கொண்ட அவர்கள், தூசியே இல்லாத கருவி தங்களிடம் இருப்பதாகச் சொல்லிக்கொள்வதில்லை. தங்கள் கருவியின் தூசி எங்கே இருக்கிறது என்பதைத் தாங்கள் அறிவோம் என்று மட்டுமே சொல்கிறார்கள். அதனால்தான் அவர்கள் சொல்லும் விண்மீனின் ஒளியளவை உலகம் நம்புகிறது.

எது நம்முடையது?

இத்தனை ஆண்டுகள் இத்தூசியோடு பழகியதில் எங்களுக்குள் ஓர் எண்ணம் வேரூன்றியிருக்கிறது. பார்ப்பவரின் குறையையும் பார்க்கப்படுவதன் இயல்பையும் பிரித்தறிய ஒரே ஒரு படம் போதாது என்பதே அது.

சிலரை நாம் அறிவோம். அவர்கள் சந்திக்கும் ஒவ்வொருவரிடமும் ஒரே குறையைக் காண்கிறார்கள். அண்டை வீட்டார் நன்றியற்றவர், அலுவலகத் தோழர் நன்றியற்றவர், மருமகன் நன்றியற்றவர், புதிதாய் வந்த தபால்காரரும் நன்றியற்றவர். காட்சிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன; புள்ளி மட்டும் மாறாமல் அதே இடத்தில் நிற்கிறது. அத்தகையவர் உலகைத் துடைக்க எத்தனை துணி வாங்கினாலும் பயனில்லை.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. அதனைப்பற்றிப் பேசுவோர் குறைவு. எல்லாக் கறையும் பார்க்கிறவர் கண்ணில்தான் இருக்கிறது என்று சொல்லி, உலகின் மெய்யான தழும்புகளை அழித்துவிடும் ஆபத்து அது. ஒருவர் தம் துன்பத்தைச் சொல்ல வரும்போது, 'அது உன் பார்வையின் கோளாறு' என்று சொல்லி அனுப்பிவிடுவது எத்தனை எளிது! கேட்பதற்கு அது அறிவுரையைப்போல் இருக்கும். ஆனால் பாளை அரிவாள் பட்ட தழும்பு பார்வைக் கோளாறு அன்று. பருந்தும் பார்வைக் கோளாறு அன்று. தூசியை வானத்தில் விட்டுவைப்பது ஒரு பொய் என்றால், பருந்தைத் தூசியென்று நீக்குவது இன்னொரு பொய்.

இவ்விரண்டுக்கும் நடுவே செல்லும் வழி, செப்பம் செய்பவர் அன்று செய்த வழிதான். பொறுமையோடு மற்ற படங்களையும் எடுத்து வைத்துக்கொள்வது. எது காட்சியோடு நகர்கிறது, எது நம்மோடு நிற்கிறது என்று பார்ப்பது. அதற்கு நேரம் ஆகும். தீர்ப்பைச் சிறிது தள்ளிவைக்க மனம் வேண்டும். நான்கு படங்களும் இல்லாமல் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறதென்றால், ஐயமுள்ள புள்ளியை அப்படியே விட்டுவைப்பது எங்கள் வழக்கம். தூசியொன்று தப்பிப் பிழைத்தால் படத்துக்குச் சிறு குறை. தழும்பொன்று அழிந்துபோனால் அதனை மீட்டுத்தர எவராலும் ஆகாது.

ஓயாமல் துடைத்துக்கொண்டிருப்பதும் நல்லதன்று. ஒவ்வொரு முறை தொடும்போதும் கீறல் விழும் வாய்ப்பு இருக்கிறது. புதிதாய் இத்தொழிலுக்கு வரும் இளைஞர் சிலர், ஒரு புள்ளியைக் கண்டதும் பதறி, அன்றாடம் ஸ்வாப்பும் கையுமாக அமர்ந்துவிடுகின்றனர். அவர்களுக்கு நாங்கள் சொல்வது இதுதான்: வாரந்தோறும் ஊதுங்கள், தேவைப்பட்டால் மட்டும் துடையுங்கள், மாதந்தோறும் பாருங்கள்.

அந்த மாதாந்திரப் படங்களை நாங்கள் அழிப்பதில்லை. ஒவ்வொரு மாதமும் முதல் தேதியன்று கடையின் பின்பக்க வெள்ளைச் சுவரை எஃப் 22 அளவில் ஒரு படம் எடுத்து, தேதியிட்டுக் கணிப்பொறியில் தனி உறையில் சேர்த்து வைக்கிறோம். மனிதர் இல்லை, மரம் இல்லை, வானமும் இல்லை. வெளிர்சாம்பல் பரப்பும் சில புள்ளிகளும் மட்டுமே. வாடிக்கையாளர் எவரும் கேட்டு வாங்காத படங்கள் அவை. சென்ற மாதப் படத்தில் ஏழு புள்ளிகள் இருந்தன. ஊதிய பின்பு இம்மாதம் நான்கு. அந்த நான்கில் இரண்டு, எங்களுக்கு நெடுநாள் பழக்கமானவை.